ஆறாம் பீப்பாய்க்குத் துப்பாக்கி இல்லாமல் போனது குறித்து

பெயர்: ரைலி நூர்மெலா. வயது: 51. கணவர் பெயர்: ஏரோ நூர்மெலா. முகவரி: எண் 418, ஹாலம் ஏரிச் சாலை, வடமேற்கு ஒன்டாரியோ. தொழில்: வெளியூர்க்காரர்களுக்குக் கரடி வேட்டை முகாம் நடத்துதல். நாள்: 2019 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை, காலை 10.15 மணி. எழுதிக்கொண்டவர்: கான்ஸ்டபிள் லின்டா மெர்ஸியர்.

இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதை ஆகஸ்ட் 28ஆம் தேதி மருத்துவமனை வராந்தாவில் இதே அதிகாரியிடம் கொடுத்தேன். என் கணவர் 27ஆம் தேதி பகலில் ஆறாம் பீப்பாய்க்குத் துப்பாக்கி எடுக்காமல் போனது ஏன் என்று எனக்குத் தெரியாது என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்குத் தெரியும். என்னை யாரும் அழைக்கவில்லை, மிரட்டவுமில்லை. நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, அதிகாரி வரும்வரை நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து இதைச் சொல்கிறேன். இந்த வழக்கில் இப்போது டேல் ப்ரூயிட் ஒருவர்மேல்தான் குற்றம் எழுதியிருக்கிறது. என் பெயரும் அதில் வர வேண்டுமா என்பதை இதைப் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

நானும் என் கணவரும் மேற்படி முகவரியில் பத்தொன்பது வருடமாக முகாம் நடத்தி வருகிறோம். காட்டுக்குள் எட்டு இடத்தில் இரும்புப் பீப்பாயை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி, அதற்குள் பழைய ரொட்டி, டோனட், வெல்லப்பாகு, சமையல் எண்ணெய் போட்டு வைப்போம். கரடி வந்து தின்று பழகும். எதிரே மரத்தில் பரண் இருக்கும். வேட்டைக்கு வருகிறவர் சாயங்காலம் அதில் ஏறி உட்காருவார். தினமும் பகலில் என் கணவர் இரண்டு வாளி நிறைய இரை கொண்டுபோய்ப் பீப்பாயை நிரப்புவார். இரண்டு கையிலும் வாளி இருப்பதால் துப்பாக்கி எடுத்துப் போக மாட்டார். ஒரு வாளியை இன்னொன்றோடு இடித்துச் சத்தம் எழுப்பிக்கொண்டே போவார். அந்தச் சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிப் போய்விடும். பத்தொன்பது வருடமும் அப்படித்தான் ஒதுங்கிப் போயிருக்கிறது. காயம் பட்ட கரடி ஒதுங்காது. அதனால் எங்கள் முகாமில் இரண்டு விதிகள் உண்டு. இரண்டும் என் கணவர் போட்டவை. ஒன்று, கரடிக்கு ரத்தம் வந்துவிட்டால், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதுதான் உங்கள் கரடி. உங்கள் வேட்டை அத்தோடு முடிந்தது, மூட்டை கட்டலாம். இன்னொன்று, குறி தப்பியது என்று வேட்டைக்காரர் சத்தியம் செய்தாலும், எங்களில் ஒருவர் போய்த் தோட்டாவோ அம்போ பட்ட இடத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் அந்தப் பீப்பாய்ப் பக்கம் வெறுங்கையோடு போகக் கூடாது.

ஆறாம் பீப்பாய் ஹாலம் ஏரியிலிருந்து அரை மைல். எங்கள் இடங்களிலேயே நல்ல இடம் அதுதான். ஏரிக்கரையில் கோடைக்கு மட்டும் வந்து தங்குகிறவர்கள் வீடு கட்டிக்கொண்டு, துப்பாக்கிச் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது, நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று புகார் மேல் புகார் எழுதினார்கள். போன வருடம் என் கணவர் ஆறாம் பீப்பாயை மூடிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. துப்பாக்கி மாதிரிப் பிடித்து அம்பு விடுகிற குறுக்குவில்லுக்கு மட்டும் அந்த இடத்தை வைத்துக்கொள்ளலாம், அதில் சத்தமே வராது, இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள் என்று பனிக்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இதற்கு மட்டும் பேசினார்.

"ரைஃபிள்ல சுட்டா கரடி அங்கயே விழும். விழலன்னாலும் சத்தம் கேட்கும், நான் அடுப்படியில இருந்தே எண்ணிக்குவேன், ஒண்ணா ரெண்டான்னு. குறுக்குவில்லுன்னா அந்த ஆளு வந்து என்ன சொல்றானோ அதுதான். அவன் வாய நம்பி நான் காட்டுக்குள்ள போகணுமா?" என்றார்.

அதன் பிறகு ஏப்ரல் மாதத்தில் அவரிடம் கேட்காமலேயே எங்கள் விளம்பரத் தாளில் குறுக்குவில் படத்தைப் போட்டு அச்சடித்துவிட்டேன். தாள் வீட்டுக்கு வந்ததும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சரி, உன் இஷ்டம், ஆனால் குறுக்குவில்காரர்கள் எல்லாரும் உன் பொறுப்பு, அவர்கள் விட்ட அம்பை நீதான் போய்த் தேட வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன். ஆக, அம்பு தேடுவது என் வேலை. இதை அதிகாரி அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

டேல் ப்ரூயிட், வயது 46, இண்டியானாவிலிருந்து ஆகஸ்ட் 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். கூடவே பழைய ரைஃபிள் ஒன்றும், பெட்டி பிரிக்காத புதுக் குறுக்குவில் ஒன்றும் கொண்டுவந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டையும் எங்கள் மேஜைமேல் வைத்துக்கொண்டு, எதை எடுத்துப் போகட்டும் என்று எங்களைக் கேட்டார். குறுக்குவில்லை வீட்டுக் கொல்லையில் வைக்கோல் கட்டுமேல் முப்பது தடவை விட்டுப் பழகியிருப்பதாகவும், ஆனாலும் ரைஃபிள்தான் தைரியமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் மனசு ரைஃபிள் பக்கம்தான் இருந்தது. என் கணவர், அப்படியென்றால் ஒன்றாம் பீப்பாய்க்கு ரைஃபிளோடு போங்கள், கைக்குப் பழகியதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. விளம்பரத் தாள் அடித்து நாலு மாதம் ஆகியும் ஒருவர்கூடக் குறுக்குவில்லைத் தொடாமல் சீசன் போய்க்கொண்டிருந்தது.

"ரைஃபிள்ல சுட்டுட்டு ஊருக்குப் போயி என்னன்னு சொல்லுவீங்க? எங்க வீட்டு மாமியார்கூட சுடுவாங்க, அதுவும் கண்ணாடி போடாம. இருபது அடியில கரடி மூச்சு விடுறது கேக்கும். அப்ப அம்பு விடுறவன்தான் ஆம்பள" என்றேன்.

மேஜையில் இருந்த மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டேல் ப்ரூயிட் காது சிவந்து சிரித்தார், ரைஃபிளை உறைக்குள் வைத்தார். என் கணவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் 26ஆம் தேதி திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு நான் டேல் ப்ரூயிட்டை நாலுசக்கர வண்டியில் ஏற்றிப் போய் ஆறாம் பீப்பாய்ப் பரணில் ஏற்றிவிட்டேன். அம்புக்கூட்டில் நாலு அம்பு இருந்தது. நான் வந்து கூப்பிடும்வரை கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு ஏழே முக்கால் மணிக்கு மற்றவர்களை அழைத்துவரக் கிளம்பியபோது, மேற்படி நபர் சாலையோரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கரடி வந்தது, அம்பு விட்டேன், முதுகுக்கு மேலே போய்விட்டது, அம்பு தரையில் மெத்தென்று படர்ந்த பாசிக்குள் எங்கேயோ புதைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்றார். ரத்தம் இருந்ததா என்று கேட்டேன். ஒரு சொட்டுகூட இல்லை என்றார். நான் அம்புக்கூட்டைப் பார்த்தேன், மூன்று இருந்தது. அவருடைய முழங்கால் இரண்டும் ஈரமாக இருந்ததையும் பார்த்தேன். பரணில் உட்கார்ந்திருந்தவனுக்கு முழங்கால் நனையாது. ஓடைக்கரையில் மண்டி போட்டுக் கையைக் கழுவினால் நனையும். நான் பதினெட்டு வயதிலிருந்து காட்டில் இருக்கிறவள். அவர் எதைக் கழுவினார் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. வண்டியில் ரைஃபிளும் டார்ச்சும் இருந்தன, வெளிச்சமும் இருந்தது, கணுக்கால் தண்ணீரில் இறங்கி ஓடையைத் தாண்டினால் ஐந்து நிமிட நடை. போகாததற்குக் காரணம் கேட்டால், பயம் இல்லை. போய்ப் பார்த்து ரத்தம் இருந்துவிட்டால் என் கணவரிடம் சொல்ல வேண்டும். முதல் நாள், முதல் குறுக்குவில், முதல் அம்பு, அதுவே காயம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் மூக்கு உடைபட வேண்டாம் என்று, இவன் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அடுப்படியில் நின்றபடி அம்பைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், பாசிக்குள் குத்தி நின்றது, சுத்தமாக இருந்தது என்றேன். அம்பு எங்கே என்றார். வளைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். ஒரு பொய்க்கு மேலே இன்னொன்று எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டு சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு வைக்கப் போனார்.

27ஆம் தேதி காலைச் சாப்பாட்டுக்கு ஏலக்காய் ரொட்டியும் முட்டையும் வைத்தேன். டேல் ப்ரூயிட் நன்றாகச் சாப்பிட்டார். இன்று வேறு இடத்துக்கு ரைஃபிளோடு போகிறேன், ஆறாம் பீப்பாய் எனக்கு ராசியில்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு என் கணவர் கொட்டகைக்குள் இரண்டு வாளியிலும் டோனட்டும் எண்ணெயும் நிரப்பினார். அவர் நிரப்புவதை மேற்படி டேல் ப்ரூயிட் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்த்தான். எங்கே போகிறார் என்றும் கேட்டான். ஆறாம் பீப்பாய்க்கு என்று அவர் சொன்னார். சொன்ன பிறகும் இவன் வாயைத் திறக்கவில்லை. வாளியோடு அவர் வெளியே போகக் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டான். முதல் வாக்குமூலத்தில் நான் இவனை "அவர்" என்று சொல்லியிருக்கிறேன். இனிமேல் அவன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கதவைப் பிடித்த கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. என் கணவர் வாளிகளை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் வந்தார். சுவரிலிருந்து தன் ரைஃபிளை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஆறுக்குப் போறேன். நிச்சயமாத்தான சொன்ன?" என்றார்.

நான் மாவிலிருந்து கையை எடுக்காமல், "எத்தன தடவ கேப்ப? எனக்கு என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு? குறுக்குவில்லுன்னா ஒனக்கு ஏன் இப்படி எரியுது? வேணும்னா பீரங்கி எடுத்துட்டுப் போ" என்றேன்.

 அவர் ரைஃபிளைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். வெளியே போனார். அப்போது மணி பன்னிரண்டு இருபது. நான் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாவைப் பிசைந்து முடித்தேன்.

வழக்கமாக ஐம்பது நிமிடத்தில் திரும்பிவிடுவார். ஒன்றரை மணி ஆகியும் வராததால் நான் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போனேன். சாலையோரத்தில் அவர் வண்டி நின்றது. உள்ளே நூறு அடி நடந்ததும் வழியில் ஒரு வாளி நிமிர்ந்தபடியே இருந்தது, ஒரு டோனட்கூடச் சிந்தாமல். இன்னொரு வாளி ஓடையில் கிடந்தது. அவர் வழியை விட்டு எட்டு அடி தள்ளிக் குப்புறக் கிடந்தார். இடது கண் இருந்த இடமும் தாடையும் தெரியவில்லை. வலது கையால் முகத்தைத் தடுத்திருக்கிறார், அதில் இரண்டு விரல் இல்லை. மூச்சு இருந்தது. கரடி அவருக்குப் பக்கத்துப் புதரில் படுத்து, தலையைத் தூக்க முடியாமல் என்னைப் பார்த்தது. அது பெரிய கரடிகூட இல்லை. வயிற்றுப் பக்கம் ரோமம் காய்ந்த ரத்தத்தில் ஒட்டியிருந்தது, ஈ மொய்த்தது. பதினெட்டு மணி நேரம் அதுவும் அங்கே வலியோடு கிடந்திருக்கிறது. நான் அதன் தலையில் ஒரு தடவை சுட்டேன். பிறகு என் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் கட்டி, வண்டியில் இருந்த ரேடியோவில் உதவி கேட்டேன். ஹெலிகாப்டர் ஏரிக்கரையில் இறங்கி மூன்று பத்துக்கு அவரை ஏற்றிப் போனது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது தொலைபேசியில் ஒரு செய்தி பதிவாகியிருந்தது. ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர், செவ்வாய்க்கிழமை மத்தியானம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, இந்த இடத்தில் சுட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தீர்களே என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதிகாரிகள் 28ஆம் தேதி தேடியதில் அம்பு கிடைத்ததாகச் சொன்னார்கள். பரணிலிருந்து முப்பது அடி தள்ளி, விழுந்து கிடந்த பிர்ச் மரப் பொந்துக்குள், இலை போட்டு மூடி வைத்திருந்தது. கழுவியும் இறகில் ரத்தமும் குடல் நாற்றமும் போகவில்லையாம். முதலில் தெரியாது என்று சாதித்த டேல் ப்ரூயிட், அம்பைக் காட்டியதும், ரத்தம் என்று சொன்னால் முதல் நாளே வேட்டை முடிந்துவிடும் என்பது முகாம் விதி, அதனால்தான் மறைத்தேன், எங்கேயாவது போய்ச் செத்திருக்கும் என்று நினைத்தேன் என்று சொன்னதாக அறிகிறேன். ஒரு வருடம் காத்திருந்து வந்தவன், நாலு நாள் வேட்டை மிச்சம் இருந்தது, அதற்காக மறைத்தான். அவனுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்குப் போதாது. ஆனால் அவன் என்னிடம்தான் பொய் சொன்னான். என் கணவரிடம் சொன்னது நான். அவர் அவனை நம்பிப் போகவில்லை. அவனை நம்ப மாட்டேன் என்று பனிக்காலத்திலேயே சொன்னவர் அவர்.

செப்டம்பர் 1ஆம் தேதி, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் பேச முடியாத என் கணவர், இடது கையால் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தை எனக்குக் காட்டினார்கள். நான் யாரையும் கேட்கவில்லை, துப்பாக்கி எடுக்கச் சோம்பல், தவறு என்னுடையது என்று அதில் இருந்தது. இது சரிதானா என்று அதிகாரி கேட்டபோது, சரி என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

நேற்று திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு நர்ஸ் வெளியே போன பிறகு, நான் அம்பைப் பார்க்கவே இல்லை, ஓடையைத் தாண்டவே இல்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். எழுதிக் காட்டும் பலகையை அவர் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார். இடது கை என்பதால் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அவர் எழுதியது இவ்வளவுதான்:

"தெரியும். அன்னைக்கே ஒன் பூட்ஸ் காஞ்சிருந்துச்சு."

நான் படித்து முடித்ததும் துடைத்துவிட்டு, மறுபடி எழுதினார்:

"துப்பாக்கிய எடுத்ததே நீ சொல்லுவேன்னுதான். நீ சொல்லல. நானும் வீம்புக்குப் போனேன்."

அதையும் அவரே கட்டைவிரலால் துடைத்துவிட்டார். அதனால் என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. ஒரு விதியைப் போட்டவரே அதை மீறிப் போனார் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் போகும்படி வைத்தது நான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு ஆளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, இன்னொரு ஆளுக்கு அது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவில் ஒரு கரடி வயிற்றில் அம்போடு படுத்திருந்தது.

என்னைக் காப்பாற்றத்தான் கணவர் அப்படி எழுதிக் கொடுத்தாரா, என்னை மன்னித்துவிட்டாரா என்று அதிகாரி கேட்டார். மன்னித்ததாக அவர் எங்கேயும் எழுதவில்லை. நான் பலகையை மறுபடி அவர் கையில் கொடுத்துக் காத்திருந்தேன். பார்வை நேரம் முடிகிறவரை பேனா மூடியை அவர் திறக்கவில்லை.

இதை அதிகாரி எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். இதில் உள்ளவை நானே பார்த்தவை, சொன்னவை, செய்தவை. அம்பு கிடைத்த விவரமும் டேல் ப்ரூயிட் கூறியதும் மட்டும் அதிகாரிகள் சொல்லக் கேட்டவை. என் அறிவுக்கு எட்டியவரை அனைத்தும் உண்மை. எதையும் மாற்றவோ குறைக்கவோ நான் கேட்கவில்லை.

(ஒப்பம்) ரைலி நூர்மெலா
என் முன்னிலையில்: லின்டா மெர்ஸியர், கான்ஸ்டபிள். பகல் 12.20 மணி.